இடது லிவரில் ஒரு பெல்ட்

செய்தி வந்தபோது காலை ஆறு இருபது. ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை. ஓலு நகரத்தில் என் வீட்டுச் சமையலறையில் காபி வடிந்துகொண்டிருந்தது. போனில் அக்காவின் எண்.

"சொல்லுக்கா" என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அக்காவின் கணவர் தவுனோவின் குரல், "ஹில்க்கா" என்றது.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. மிஞ்சியவை மூன்று சொற்கள்: சரி, இல்ல, எழவு. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஹில்க்காவின் போட்டோவைக் காட்டி, இது யார் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் மாமாவின் வாயில் "எழவு" என்றுதான் வரும். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "முப்பத்தாறு வருஷமா மனசுக்குள்ள வச்சிருந்தாரு, இப்பத்தான் வெளிய வந்திருக்கு" என்பாள். அந்தப் பெயர் அவருக்கு எட்டு மாதமாக வரவில்லை. அன்று காலை வந்தது.

"மாமா, அக்கா எங்க?"

"ஹில்க்கா."

"விழுந்துட்டாளா?"

"சரி."

"பேசுறாளா?"

"இல்ல."

அவர் குரலுக்குப் பின்னால், திறந்திருந்த ஜன்னல் வழியாக, ஒரு மோட்டார் ஓடும் ரீங்காரம் கேட்டது. ஏற்றம் இறக்கம் இல்லாமல் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அக்கா இருக்கும் லெஹ்தோவாரா கிராமத்துக்கு அது வந்துசேர நாற்பது நிமிஷம். அவளுடைய பக்கத்து வீட்டு உர்போவைக் கூப்பிட்டேன். பக்கத்து வீடு என்றால் அரை கிலோமீட்டர். நான் காரில் ஏறி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் உர்போ திரும்பக் கூப்பிட்டார்.

"இர்மெலி, மெதுவா ஓட்டிட்டு வாம்மா" என்றார். "அவசரமா வர வேண்டியதில்ல இனிமே."

*

என் அக்கா ஹில்க்கா மொய்லனென் இறந்தபோது அவளுக்கு வயது அறுபத்தொன்று. நான் அவளைவிட ஒன்பது வயது சின்னவள். பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள். நான் பல்கலைக்கழகம் போய் மருந்தியல் படித்தேன். இருபத்தெட்டு வருஷம் அவள் பள்ளிக்கூட டாக்ஸி ஓட்டினாள். சுற்றுப்புறக் காட்டுவழிகளில் தனித்தனியாக இருக்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் பள்ளியில் இறக்குவாள். வண்டியில் யார் அழுதாலும், "இறங்கி நடந்து போறியா, இல்ல பாடுறியா?" என்று கேட்பாள். பிள்ளைகள் பாடும். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை.

தவுனோ மாமா காட்டில் மரம் வெட்டும் வேலையில் இருந்தவர். அந்த ஊரில் அவர் பெயர் எதற்குத் தெரியும் என்றால் விறகுக்குத்தான். எல்லாம் கோடரியால் பிளந்தது. மெஷின் வைத்துப் பிளப்பவர்களைப் பார்த்தால், "என்ன, கை சுளுக்கா?" என்பார். ரெண்டு வருஷத்து விறகு எப்போதும் முன்கூட்டியே அடுக்கியிருக்கும். மார்ச்சில் யாருக்காவது விறகு தீர்ந்துபோனால் இருட்டுவதற்கு முன் ஒரு டிரெய்லர் விறகு அவர்கள் வாசலில் கொட்டப்பட்டிருக்கும். கொடுத்தது யார் என்று அவர் சொல்ல மாட்டார், வாங்கியவரும் கேட்க மாட்டார். பிளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த வீட்டுக்கு விறகைத் தவிர வேறு சூடு கிடையாது. நடுவீட்டில் செங்கல் அடுப்பு, சமையலறையில் இரும்பு அடுப்பு, வெளியே சவுனா என்கிற நீராவிக் குளியலறை. ஒரு குளிர்காலத்துக்கு இருபது கன மீட்டர் வேண்டும். அந்த அக்டோபரில் மாமா விழுந்தபோது கொட்டகையில் ஒரு வருஷத்துக்கானதுகூட முழுசாக இல்லை. மூட்டுவலியால் முந்தைய வசந்தத்தில் பாதி வேலையை விட்டிருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. அக்கா தினமும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நூற்றியெண்பது கிலோமீட்டர் ஓட்டினாள். ஜனவரியில் மாமா வீடு திரும்பியபோது வீட்டைச் சூடாக வைத்திருக்க இரண்டு மடங்கு எரித்தாள். பிப்ரவரி மூன்றாவது வாரம் விறகு தீர்ந்தது.

பிப்ரவரியில் காய்ந்த விறகு விற்பனைக்குக் கிடைக்காது. உர்போவிடம் இருந்தது. கேட்டிருந்தால் பேச்சே இல்லாமல் கொண்டுவந்து கொட்டியிருப்பார். அக்கா கேட்கவில்லை. தவுனோ வீட்டில் விறகு தீர்ந்தது என்று ஊர் பேசக் கூடாது. அது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. பழைய வேலிக் கம்புகளை எரித்தாள். படகுத்துறைப் பலகைகளை எரித்தாள். கடைசியில் சவுனாவுக்குள் போய், உட்காரும் பெஞ்சுகளைக் கழற்றி எரித்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக் கூரையைப் பிரித்து எரித்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சவுனா பெஞ்சை எரித்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

அப்படியும் ஒருநாள் ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்துவிட்டாள். பதினான்கு டிகிரி. அவள் அதை எழுதிக்கொண்டு போனாள். மார்ச்சில் நலத்துறையிலிருந்து கடிதம் வந்தது: நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொள்வது அடுத்த குளிர்காலத்துக்கும் சரிப்படுமா என்று மே மாதம் ஆய்வு செய்யப்படும். சரிப்படாவிட்டால் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பராமரிப்பு இல்லத்தில் இடம் ஒதுக்கப்படும்.

எனக்கு அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னாள். பெஞ்சுகளைப் பற்றிச் சொல்லவில்லை.

*

ஏப்ரலில் ஒரு லாரி பிர்ச் மரம் வாங்கிப் போட்டாள். மோட்டார் ரம்பத்தால் அறுத்துத் துண்டாக்க அவளுக்குத் தெரியும். பிளப்பதற்குத்தான் மாமாவின் கோடரி. மூன்று வாரத்தில் ஒரு வரிசைக்குத்தான் பிளக்க முடிந்தது. கொட்டகை ஏழு வரிசை ஆழம்.

அந்தக் கொட்டகை சாலையைப் பார்த்து நிற்கிறது. முன்பக்கம் திறப்பு. பின்பக்கச் சுவர் காற்றோட்டத்துக்காக இடைவெளி விட்டு அடித்த பலகைகள், ஓரத்தில் ஒரு சிறு கதவு. விறகு அடுக்குபவர்கள் பின்சுவரிலிருந்து தொடங்கி முன்னால் வருவார்கள். அக்கா தன் ஒரே வரிசையை முன்பக்க வாசலில் அடுக்கினாள். தரையிலிருந்து உத்தரம் வரை, ஒரு துண்டு துருத்தாமல் அடுக்கி, சாயாமல் இருக்கப் பின்னால் கம்பங்கள் முட்டுக்கொடுத்தாள். சாலையில் போகிறவர்களுக்குக் கொட்டகை நிரம்பி வழிவதுபோல் தெரியும். அதற்குப் பின்னால் வெறும் தரை.

ஆய்வுக்கு வந்த பெண்ணின் பெயர் தர்யா. ஐம்பது வயதுக்காரி, அவளும் விறகடுப்பு வீட்டில் வளர்ந்தவள். அன்று நடந்ததை அடக்கத்துக்குப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

காபி குடித்துவிட்டுக் கொட்டகையைப் பார்க்க வெளியே வந்தார்கள். தர்யா அடுக்கைப் பார்த்தாள். மார்பு உயரத்தில் இரண்டு துண்டுகளை உருவி ஒன்றோடொன்று தட்டினாள். காய்ந்த விறகு கணீரென்று கேட்கும். இது மொத்தென்று கேட்டது.

"இந்த வருஷத்துது போல" என்றாள்.

"அக்டோபர் வரைக்கும் காயும்ல" என்றாள் அக்கா.

தர்யா உருவிய இடத்தில் இருந்த ஓட்டை வழியாக, பின்சுவர்ப் பலகை இடுக்குகளில் வெளிச்சம் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அக்காவும் பார்த்தாள். தர்யா இரண்டு துண்டுகளையும் இருந்த இடத்திலேயே செருகி, உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கினாள்.

"நல்லா அடுக்கியிருக்கீங்க" என்றாள். "நடுக்கோடைப் பண்டிகைக்கு முந்தின புதன்கிழமை இன்னொரு தடவை வரேன். அப்ப பின்பக்கக் கதவையும் தொறந்து பாத்துட்டா எழுதி முடிச்சுடலாம்."

"தாராளமா வாங்க" என்றாள் அக்கா.

எங்கள் பக்கத்தில் நடுக்கோடைக்குள் பிளந்த விறகுதான் அந்தக் குளிர்காலத்துக்கு ஆகும். பிந்தினால் அடுப்பில் கண்ணீர் விடும். தர்யா கொடுத்தது ஆறு வாரம்.

*

மறுநாள் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"இர்மெலி, விறகு பிளக்குற மெஷின் ஒண்ணு வாங்கப் போறேன். நீ கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு."

"மாமா ஒத்துக்கிட்டாரா?"

"அவரு ஒத்துக்காட்டி என்ன செய்வாரு, திட்டுவாரு. அதைத்தான் எப்பவும் செய்றாரு."

நான் ரெண்டு நாள் படித்துப் பார்த்தேன். பெட்ரோலில் ஓடும் படுக்கை மெஷின்கள் இருந்தன, இருபது டன் அழுத்தும், கணுக்கட்டையும் நிற்காது. டிராக்டரில் மாட்டுவது அதைவிட வேகம், ஆனால் அவளிடம் டிராக்டர் கிடையாது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் சின்ன மெஷின்கள் ஐந்து டன், ஏழு டன், பைன் மரத்துக்குச் சரி, முறுக்கிய பிர்ச்சில் திணறும்.

"பெட்ரோல் மெஷின் வாங்குக்கா. பழசா ஒண்ணு விலைக்கு இருக்கு. பத்து நாள்ல முடிச்சிரலாம்."

"சத்தம் வருமா?"

"வரும். இன்ஜின்தானே."

"அப்ப வேணாம்."

"அக்கா, உனக்கு வேண்டியது பலம். சத்தத்தைப் பாத்தா எப்படி? அடிக்கட்டையெல்லாம் கணுவா இருக்கும்."

"மாமாவுக்குத் தலைவலி வரும்டி. கரண்ட்ல ஓடுறது சொல்லு."

நான் நம்பினேன். உர்போவின் வீடு வரை கேட்கும் இன்ஜின் சத்தம் அவளுக்கு ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? நிரம்பிய கொட்டகைக்குப் பின்னால் யாராவது நாள் முழுக்க விறகு பிளப்பார்களா?

மெஷின் படங்களை அச்செடுத்து அனுப்பியிருந்தேன். அவற்றை மாமாவின் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாளாம். பெட்ரோல் மெஷினுக்கு "எழவு." டிராக்டர் மெஷினுக்கும் "எழவு." நிற்கும் மின்சார மெஷின், ஏழு டன், அதை இடது கையால் கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டு "சரி" என்றாராம்.

"ஏன் தெரியுமா? ரொம்பச் சின்னதா இருக்கு. அவரு கோடரிக்கு அது போட்டி இல்ல" என்றாள்.

*

மெஷின் வந்ததும் நான் போனில் கையேட்டைப் படிக்க, அவள் செய்தாள். ஓட்டுவதற்கு முன் எண்ணெய்த் தொட்டியின் காற்றுத் திருகை இரண்டு சுற்று தளர்த்த வேண்டும், மறந்தால் உள்ளே சீல் பிய்ந்துவிடும். குளிர்ந்த காலையில் சும்மா ஐந்து நிமிஷம் ஓடவிட வேண்டும். ஆப்பு மேலேறி நிற்கும் உயரத்தைக் கட்டையின் நீளத்துக்கு ஏற்றாற்போல் கட்டுப்படுத்தி வைத்தால், ஒவ்வொரு கட்டைக்கும் சில வினாடி மிச்சம்.

மற்றதை அவளே கண்டுபிடித்தாள். கட்டைகளைத் தரையில் கிடத்தாமல் ஒரு மரத்தட்டின் மேல் முழங்கால் உயரத்தில் நிறுத்திவைத்தாள், குனிய வேண்டியதில்லை. கணு கீழே இருக்கும்படி வைத்துச் சுத்தமான முனையில் ஆப்பை இறக்கினால் பிளவு கணுவைத் தொடும்போது பாதி வேலை முடிந்திருக்கும். பெரிய கட்டையை நடுவில் தாக்காமல், கேக் வெட்டுவதுபோல ஓரத்திலிருந்து சீவிக்கொண்டே வந்தாள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் ஆப்பை அதன்மேல் வைத்தாள்.

"இது மாமா மாதிரிடி" என்றாள் ஒருநாள். "மெதுவா வரும், ஆனா வந்தா நிக்காது."

ஒரு தப்பு செய்தாள். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. லாரி விறகில் நேரான கட்டைகளை முதலில் எடுத்தாள். வரிசை கிடுகிடுவென்று உயர்வதைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. முறுக்கியதையும் கணுவையும் அடிக்கட்டையையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாகக் குவித்தாள். கடைசி இரண்டு வாரத்துக்கு அந்தக் குவியல் மட்டும்தான் மிஞ்சியது.

இன்னொன்றும் உண்டு. அந்த மெஷினுக்கு இரண்டு லிவர், இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. இரண்டையும் சேர்த்துத் தள்ளினால்தான் ஆப்பு இறங்கும். ஒன்றை விட்டால் இருந்த இடத்தில் நிற்கும். இரண்டையும் விட்டால் மேலே ஏறும். கை ஆப்புக்கடியில் போகாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். நேரான கட்டை தானாக நிற்கும். கோணல் கட்டையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அவளோடு யாரும் இல்லை.

மாமாவின் நாற்காலியைச் சமையலறை ஜன்னலோரம் போட்டிருந்தாள். அங்கிருந்து மெஷின் தெரியாது, சத்தம் கேட்கும். ரீங்காரம், பிறகு படாரென்று மரம் விரியும் ஓசை, பிறகு துண்டுகள் விழும் ஓசை. நாள் முழுக்க அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உர்போ தினமும் காலையில் தபால் எடுக்கச் சைக்கிளில் போவார். கொட்டகை முன்னால் வேகம் குறையும்.

"ஹில்க்கா, கொட்டகையா இது, சர்ச்சா? தொப்பியைக் கழட்டிட்டுத்தான் போகணும் போல."

"கழட்டிட்டே போங்க உர்போண்ணே, மண்டைக்குள்ள ஒண்ணும் இல்லன்னு காத்துக்கும் தெரியட்டும்."

"என் மெஷின் சும்மாதான் நிக்குது. வேணும்னா..."

"எனக்கு எதுக்கு? நெறஞ்சு கெடக்குதே, கண்ணு தெரியலையா?"

"தெரியுது, தெரியுது" என்று போய்விடுவாராம். இந்தப் பேச்சை அக்கா போனில் எனக்கு நடித்துக் காட்டுவாள். நானும் சிரித்தேன்.

*

ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

"தோள் வலிக்குதுடி. என்ன தடவலாம்?"

"எந்தத் தோள்?"

"இடது. முழங்கை வரைக்கும் இழுக்குது."

"எவ்ளோ நாளா?"

"நாலஞ்சு நாளா. லிவரைத் தள்ளித் தள்ளி வந்தது. வேற என்ன."

"ஒரு வாரம் நிறுத்தேன்க்கா. கொட்டகைதான் நெறஞ்சிருக்குன்னு சொன்னியே."

"கொஞ்சூண்டு பாக்கி. நீ மருந்து பேரைச் சொல்லு, வேலைய நான் பாத்துக்கறேன்."

"சனிக்கிழமை நான் வரட்டுமா? ரெண்டு பேரா இருந்தா..."

"வேணாம். நீ வந்தா நான் உனக்குச் சமைக்கணும். பண்டிகைக்கு வா, சவுனா போடலாம்."

அந்த சவுனாவில் உட்கார பெஞ்சு இல்லை.

நான் ஒரு களிம்பின் பெயரும் ஒரு வலிமாத்திரையின் பெயரும் சொன்னேன். முப்பது வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். அறுபது வயதுப் பெண் ஒருத்தி வந்து இடது தோள் முழங்கை வரை இழுக்கிறது என்றால், மூச்சு வாங்குகிறதா, வேலை செய்தால் கூடுகிறதா, உட்கார்ந்தால் குறைகிறதா என்று கேட்பேன். கேட்டுவிட்டு நானே டாக்டருக்குப் போன் போடுவேன். அக்காவிடம் கேட்கவில்லை. லிவர் என்று அவள் சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது.

*

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். இதயம் என்றார்கள், ஐந்தரை மணிவாக்கில் ஆகியிருக்கும் என்றார்கள். மாமா ஜன்னலோரத்திலேயே இருந்தார். படாரென்ற ஓசை வராமல் ரீங்காரம் மட்டும் நீண்டுகொண்டே போனபோது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து மேஜை வரை நான்கடி. அங்கேதான் அக்கா போனை வைத்திருந்தாள், என் போட்டோ போட்ட பட்டனோடு. அந்த நான்கடியைக் கடக்க அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்திருக்கிறது. முழங்கால் இரண்டும் சிராய்ந்திருந்தன.

உர்போ என்னைக் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போனார். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். முன்வரிசையோடு சேர்த்து ஆறு வரிசை நிறைந்திருந்தது. ஏழாவதுக்கு இடம் காலியாக இருந்தது. முட்டுக்கம்பங்களைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், மறைவாக நிறுத்திய மெஷினைப் பார்த்தேன். அவள் என்னிடம் "நெறஞ்சிருக்கு" என்று சொன்ன நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

மெஷினை ஆம்புலன்ஸ்காரர்கள் அணைத்திருந்தார்கள். ஒரு முறுக்கிய அடிக்கட்டைக்குள் ஆப்பு பாதிவரை இறங்கி நின்றது. இடது லிவர் கீழே தள்ளியபடி, மாமாவின் தோல் பெல்ட்டால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பக்கிள் போடும் ஓட்டையில் தேய்மானம் தெரிந்தது, பல வாரமாக ஒவ்வொரு கட்டைக்கும் கட்டிக் கட்டி அவிழ்த்திருக்கிறாள். வலது கையால் ஒரு லிவரை மட்டும் தள்ளி, இடது கையால் கட்டையைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் இடது கை எந்த லிவரையும் தள்ளவே இல்லை.

நான் அந்த மரத்தட்டின் மேல் உட்கார்ந்தேன். உர்போ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உர்போண்ணே, உங்களுக்கு இது தெரியுமா?"

"எது?"

"உள்ள காலியா இருந்தது."

அவர் பின்சுவர்ப் பலகைகளைப் பார்த்தார்.

"மே மாசம் சாயந்தர வெயில் பின்னாடியிருந்து அடிக்கும்ல" என்றார். "அடுக்கு முழுக்க வெளிச்சம் ஊசி ஊசியா ரோட்டுக்கு வரும். அந்தப் பக்கம் போற எல்லாருமே பாத்தோம். அப்பறம் ரெண்டாவது வரிசை வந்தது போல, வெளிச்சம் நின்னு போச்சு. சரி, சமாளிச்சுட்டான்னு நெனச்சோம்."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிம்மா சொல்றது? தவுனோ பொண்டாட்டிகிட்டப் போய் உன் கொட்டகை காலின்னு எப்படிச் சொல்றது? அவமானமா போயிருமே அவளுக்கு." பிறகு, "மெஷின் வேணுமான்னு கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தன் டிராக்டரோடு மெஷினை இழுத்து வந்தார். கூட நாலு பேர் வந்தார்கள். கணுக்கட்டைக் குவியல் முழுவதையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி, காபிக்கு முன்னால் முடித்துவிட்டார்கள். ஏழாவது வரிசை உத்தரத்தைத் தொட்டது. நான் அப்பமும் மீனும் வைத்தேன், தின்றுவிட்டுப் போனார்கள்.

*

புதன்கிழமை சொன்னபடி தர்யா வந்தாள். பின்பக்கக் கதவைத் திறந்தேன். அவள் ஏழு வரிசையையும் பார்த்தாள். எதையும் உருவவில்லை, தட்டிப் பார்க்கவுமில்லை. சமையலறையில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தாள்.

"விறகுக்குச் சரின்னு போட்டுடறேன்" என்றாள். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். "கூட இருந்து பாத்துக்கறவங்க பேருன்னு ஒரு எடம் இருக்கு."

மாமா என்னைப் பார்த்தார். தர்யா என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தாள். எனக்கு ஓலுவில் வேலை இருக்கிறது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடு. இதையெல்லாம் நான் சொல்லவில்லை. நான் இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. அடுப்புக்கு விறகு வைக்கும் சாக்கில் எழுந்துபோனேன். அடுப்பு எரியவே இல்லை, ஜூன் மாதம்.

"நான் ஆறு வாரம் குடுத்தேன்" என்றாள் தர்யா என் பின்னாலிருந்து, மெதுவாக. "அதிகமா குடுத்தேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

அந்த இடத்தைக் காலியாக விட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

பண்டிகை முடிந்த திங்கட்கிழமை இல்லத்து வண்டி வந்தது. மாமாவுக்கு நல்ல கால்சட்டையைப் போட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் இளைத்திருந்தார், இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டைத் தேடுவதுபோல இடது கையால் இடுப்பைத் தடவினார். நான் கொட்டகைப் பக்கம் திரும்பினேன்.

"இல்ல" என்றார்.

"மாமா, அவிழ்த்துட்டு வந்துடறேன். ஒரு நிமிஷம்தான்."

"இல்ல. எழவு. இல்ல."

உர்போ தன் தோள்பட்டி வாரைக் கழற்றி மாமாவுக்கு மாட்டிவிட்டார். தன் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வண்டிக் கதவைச் சாத்தினார். வண்டி கொட்டகையைத் தாண்டும்போது மாமா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெயரை மறுபடி சொன்னாரா என்று இல்லத்தில் கேட்டேன், இன்னும் இல்லை என்கிறார்கள்.

இது செப்டம்பர். விறகு காய்ந்துவிட்டது. போன வாரம் போய்த் தட்டிப் பார்த்தேன், கணீரென்று கேட்டது. கொட்டகைக்குப் பின்னால் மெஷினுக்கு ஒரு தார்ப்பாய் போர்த்தியிருக்கிறது, உர்போ போட்டிருப்பார். லாரியில் வந்த கட்டைகளில் இன்னும் பிளக்காதது ஒன்றே ஒன்று. ஆப்பு அதற்குள் ஒரு சாண் இறங்கி நிற்கிறது.